மூக்கு அறியாத கணக்கு

ஆட்டை அறுத்த மாத்திரத்தில் அதன் தசை உயிரற்ற பண்டமாகிவிடுவதில்லை. குருதியோட்டம் நின்று உயிர்வளி வருவது அறுபட்ட பின்னும், தசையின் உயிரணுக்கள் தம்மிடம் சேமிப்பிலிருக்கும் கிளைக்கோஜனை, அதாவது சர்க்கரைத் துகள்கள் சரமாகக் கோத்து அமைந்த ஒருவகை மாவுப்பொருளை, இன்னும் பல மணி நேரம் சிதைத்துக்கொண்டே இருக்கின்றன. காற்றில்லாமல் நிகழும் அந்தச் சிதைவின் கடைசி விளைபொருள் லாக்டிக் அமிலம். தயிரைப் புளிக்கச் செய்யும் அதே அமிலம், வெளியேற வழியின்றித் தசைக்குள்ளேயே தேங்குகிறது. அமிலத்தன்மை கூடக்கூடக் குறைந்துகொண்டு போகும் அளவீடான பிஎச், விலங்கு உயிரோடிருந்தபோது ஏறக்குறைய 7 ஆக இருந்து, பிறகு 5.5 முதல் 5.8 வரை இறங்குகிறது. இறைச்சிக்கு இயற்கை தரும் முதல் காப்பு இந்த மெல்லிய புளிப்புத்தான். அறுப்பதற்கு முன் நெடுந்தூரம் ஓட்டிவரப்பட்ட, வண்டியில் நெருக்கி ஏற்றப்பட்ட, பட்டினி கிடந்த விலங்கின் தசையில் கிளைக்கோஜன் முன்னமே செலவாகியிருப்பதால் அமிலம் போதிய அளவு ஊறுவதில்லை. அத்தகைய கறி கருஞ்சிவப்பாகவும் விறைப்பாகவும் இருப்பதோடு, எத்தனை கருத்தாக வைத்தாலும் மற்றதைவிட முந்திக் கெடுகிறது. வீட்டுக்காரர் தம் குளிர்பதனப் பெட்டியின்மீது சுமத்தும் பழி சில வேளைகளில் சந்தைக்கு வந்த வழியைச் சேர வேண்டியது.

அமிலம் ஊறுகிற அதே மணி நேரங்களில் தசை விறைக்கவும் செய்கிறது. தசையிழைகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கிச் சுருங்கவும் மீண்டும் தளரவும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு தேவை. அது தீர்ந்ததும் இழைகள் பிணைந்த நிலையிலேயே பூட்டிக்கொள்கின்றன. பின்னர், தசையிலேயே உள்ள புரதஞ்சிதைக்கும் நொதிகள் அந்தக் கட்டைச் சிறிது சிறிதாக அறுக்க, கறி மறுபடி மென்மையாகிறது. தமிழ்நாட்டின் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு இது நேரடியாகப் பொருந்தும் செய்தி. விடியற்காலையில் அறுத்து, காலையிலேயே விற்று, முற்பகலிலேயே உலையேறும் கறியில் விறைப்பு இன்னும் முழுமை பெறாமலிருக்கக்கூடும். அதில் மிஞ்சியதை உடனே உறைபெட்டிக்குள், அதாவது ஃப்ரீசருக்குள், தள்ளினால் ஏடிபி மீதமிருக்கும்போதே தசை உறைந்துவிடுகிறது. பிறகு உறைவு நீங்கும்போது அந்த மிச்ச ஆற்றல் ஒரே மூச்சில் செலவாகி, எலும்பின் பிடிப்பில்லாத சிறு துண்டுகள் சுருண்டு, ரப்பர்போல் ஆகிவிடுகின்றன. ஒரு நாள் குளிர்ப்பகுதியில் வைத்திருந்து மறுநாள் உறைபெட்டிக்கு மாற்றினால் இந்தக் கேடு பெருமளவு குறையும். குளிர்ப்பகுதியிலும் ஓரளவு சுருக்கம் நேரத்தான் செய்யும். அதற்கு அஞ்சிக் கறியை வெளியில் வைப்பது மென்மைக்காக உடல்நலத்தை அடகு வைப்பதாகும்.

நோயற்ற விலங்கின் தசைக்கு உள்ளே நுண்ணுயிர்கள் அநேகமாக இல்லை. அவை தோலிலிருந்தும் குடலிலிருந்தும் கத்தியிலிருந்தும் கைகளிலிருந்தும் வெட்டும் கட்டையிலிருந்தும் வந்து மேற்பரப்பில் ஒட்டுகின்றன. ஆகவே ஒரு கறித்துண்டின் ஆயுளைத் தீர்மானிப்பதில் அதன் எடையைவிடப் பரப்புக்கே பங்கு அதிகம். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரத் துண்டின் மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். அதையே 1 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் பரப்பு 6,000 ஆகிறது. கொத்துக்கறியில் இது மேலும் பல மடங்காவதோடு, வெளியில் இருந்த நுண்ணுயிர்கள் உள்ளும் புறமும் சீராகக் கலந்துவிடுகின்றன. தொடைக்கறியை முழுதாக வாங்கியவருக்கும் அதையே கொத்தி வாங்கியவருக்கும் குளிர்பதனப் பெட்டி ஒரே தவணை தராததற்குக் காரணம் இது. ஈரல், மண்ணீரலான சுவரொட்டி, குடல் ஆகியவை இன்னும் அவசரமானவை. ஈரலில் தசையைக் காட்டிலும் அமிலம் குறைவு, குருதி மிகுதி. குடலோ நுண்ணுயிர்களின் சொந்த ஊர்.

எண்ணிக்கை எவ்வாறு ஏறுகிறது என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஈ. கோலை பாக்டீரியம் உடல்வெப்பமான 37 டிகிரி செல்சியசில், வேண்டிய உணவு கிடைத்தால், சுமார் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 6 மணி நேரத்தில் 18 முறை இரட்டித்தால் ஒற்றை உயிரி 2,62,144 ஆகியிருக்கும். வெப்பம் இறங்க இறங்க இந்த இரட்டிப்பு நேரம் நீள்கிறது. பெரும்பாலான நோய்க்கிருமிகளுக்கு 5 டிகிரிக்குக் கீழே இரட்டிப்பு நின்றேவிடுகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 5 முதல் 60 டிகிரி வரையிலான இடைவெளியை ஆபத்து மண்டலம் என்று வகுத்ததற்கு அடிப்படை இதுவே. சமைக்காத இறைச்சி இந்த மண்டலத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது என்பதும், சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரியைக் கடந்தால் அந்த வரம்பு 1 மணி நேரமாகச் சுருங்கும் என்பதும் அமெரிக்க வேளாண்மைத் துறையின் விதி. சித்திரை, வைகாசியில் மதுரையிலோ வேலூரிலோ அந்த இரண்டாம் வரம்புதான் பொருந்தும். கடையில் கறி தொங்கிய நேரம், வழியில் காய்கறி வாங்கிய நேரம், சமையலறை மேடையில் காத்திருந்த நேரம் எல்லாம் அதே ஒரு மணிக்குள் அடக்கம். மிஞ்சுமா மிஞ்சாதா என்பது சமைத்து முடித்த பிறகுதான் தெரியும் என்று காத்திராமல், வாங்கி வந்தவுடனே பிரித்து வைப்பது அதனால்தான் முறையாகிறது.

குளிரிலும் பெருகும் நுண்ணுயிர்கள் உண்டு என்பதும், அவற்றில் பெரும்பான்மை நோய் தருபவை அல்ல என்பதும் சேர்ந்துதான் இப்பொருளின் மையச் சிக்கலை உண்டாக்குகின்றன. காற்றுப்படும் இறைச்சியில் 4 டிகிரியிலும் ஓங்கி வளர்பவை சூடோமோனாஸ் இனத்தவை. அவை முதலில் கறியின் பரப்பில் மீந்திருக்கும் சர்க்கரையைத் தின்கின்றன. அதுவரை வாடை இல்லை, வழவழப்பும் இல்லை. சர்க்கரை தீர்ந்த பிறகே அவை புரதத்தின் கட்டுக்கற்களான அமினோ அமிலங்களின்மீது பாய்கின்றன. அப்போது பிறக்கும் நைதரசன், கந்தகச் சேர்மங்களைத்தான் மூக்கு அழுகல் நாற்றம் என்று அறிகிறது. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 1 கோடி பாக்டீரியங்கள் சேரும்போது வாடை எழுகிறது. 10 கோடியை நெருங்கும்போது பிசுபிசுப்புத் தெரிகிறது. முதல் நாள் இரவு நன்றாக இருந்த கறி மறுநாள் காலை திடீரெனக் கெட்டுவிட்டதாகத் தோன்றுவதன் உட்பொருள் இதுதான்: கேடு படிப்படியாகவே வந்தது, அறிவிப்பு மட்டும் கடைசியில் வந்தது. கிளைக்கோஜன் வற்றிய விலங்கின் கறி முந்திக் கெடுவதும் இக்கணக்கின்படியே, ஏனெனில் அதில் பாக்டீரியங்கள் முதலில் தின்னச் சர்க்கரையே இல்லை.

இந்த நாற்றத்துக்கும் நோய்க்கும் நேரடித் தொடர்பு கிடையாது. சால்மொனெல்லா, கேம்பைலோபேக்டர், குடற்குருதிக் கசிவை உண்டாக்கும் ஈ. கோலை வகைகள் ஆகியவை நோய் தருவதற்குக் கோடிக் கணக்கில் பெருக வேண்டியதில்லை. கேம்பைலோபேக்டரில் சில நூறு போதும். அத்தனை சிறிய எண்ணிக்கை எந்த மணத்தையும் நிறத்தையும் மாற்றாது. கோழிக்கறியில் அடிக்கடி காணப்படும் கேம்பைலோபேக்டர் 30 டிகிரிக்குக் கீழே பெருகுவதே இல்லை. ஆனால் குளிரில் பதுங்கிக்கொண்டு நாள் கணக்கில் உயிரோடிருக்கும். லிஸ்டீரியா இன்னும் வேறு வகை: 0 டிகிரியை ஒட்டிய குளிரிலும் மெல்லப் பெருகக்கூடியது, கருவுற்ற பெண்களுக்குக் கருச்சிதைவு வரை கொண்டுசெல்லக்கூடியது, வாடையேதும் தராதது. ஆகையால் கறியை முகர்ந்து பார்த்து நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்பவர் அறிவது, தீங்கற்ற பெருங்கூட்டம் இன்னும் சேரவில்லை என்பதை மட்டுமே. நாறும் கறியைக் கொட்டுவது சரி. நாறாத கறியை நம்புவதற்கு நாற்றமின்மை சான்றாகாது.

நிறமும் இப்படியே ஏமாற்றும். கறியின் சிவப்புக்குக் காரணம் குருதி என்று பலரும் எண்ணுவது பிழை. தசையில் உயிர்வளியைத் தேக்கிவைக்கும் மையோகுளோபின் என்னும் புரதமே அந்நிறத்தைத் தருகிறது. காற்றுப்படாதபோது ஊதா கலந்த சிவப்பாகவும், காற்றுப்பட்டதும் பளிச்சென்ற சிவப்பாகவும், நாளடைவில் அதன் இரும்பணு ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பாகவும் மாறுவது அந்தப் புரதத்தின் வேதியியல். ஒன்றோடொன்று ஒட்டியிருந்த துண்டுகளைப் பிரிக்கும்போது நடுவில் தெரியும் பழுப்போ ஊதாவோ கெட்டுப்போனதன் அடையாளம் அன்று.

எப்படியும் குக்கரில் வைத்து வேகவிடத்தானே போகிறோம் என்ற எதிர்வாதம் நியாயமானது. தமிழ்ச் சமையலில் ஆட்டுக்கறியோ கோழிக்கறியோ அரைவேக்காட்டில் இலைக்கு வருவதில்லை, 120 டிகிரியை எட்டும் குக்கருக்குள் மேலே சொன்ன கிருமிகள் எவையும் பிழைப்பதில்லை. ஆனால் பச்சைக் கறியின் ஆபத்து அது சேர்ந்த குழம்பில் இல்லாமல், அது சொட்டிய வேறு பாத்திரத்தில் இருக்கிறது. மேல்தட்டில் வைத்த பையிலிருந்து கசிந்த நீர் கீழே இருந்த வெங்காயத் தயிர்ப்பச்சடியிலோ, நறுக்கிவைத்த வெள்ளரியிலோ, மறுநாளைக்கென வைத்த சட்டினியிலோ ஒரு துளி விழுந்தால், அடுப்பைக் காணாமலே அது வாய்க்குப் போகிறது. கறி எடுத்த கையால் திறந்த கதவின் கைப்பிடியும், கறி வெட்டிய பலகையில் வெட்டிய கொத்தமல்லியும் இதே வழிதான்.

அதனால்தான் மேலைநாட்டுக் கையேடுகள் பச்சைக் கறியைக் குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் வைக்கச் சொல்கின்றன. இந்த அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இந்திய வீடுகள் பலவற்றில் உள்ள ஒற்றைக் கதவுப் பெட்டியில் குளிர் உச்சியிலுள்ள உறைபெட்டியிலிருந்து கீழிறங்குவதால், அதற்கு நேர் கீழே உள்ள தட்டே மிகக் குளிர்ந்த இடம். அடியிலுள்ள காய்கறிப் பெட்டியும், அடிக்கடி வெளிக்காற்று படும் கதவுத் தட்டுகளும் வெப்பம் மிகுந்தவை. குளிரைத் தேடினால் சொட்டும் ஆபத்து, சொட்டைத் தவிர்த்தால் வெப்ப ஆபத்து. எவர்சில்வர் தூக்கோ இறுக மூடும் டப்பாவோ இந்த முரணைத் தீர்க்கிறது: கசியாத பாத்திரத்தில் இட்டு மேல்தட்டில் வைப்பதே இத்தகைய பெட்டிக்கு ஏற்றது. கடையில் தந்த பாலித்தீன் பையை முடிச்சுப் போட்டு வைப்பது பாத்திரத்துக்கு ஈடாகாது. எலும்பு முனை குத்திய துளை கண்ணுக்குத் தெரிவதில்லை. பெட்டியின் திருகியில் உள்ள 1 முதல் 7 வரையிலான எண்கள் டிகிரிகள் அல்ல, குளிர்விக்கும் முனைப்பின் படிகள். உள்ளே உண்மையில் 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்பதை ஒரு சிறு வெப்பமானியைத் தண்ணீர்க் குவளையில் இட்டு ஓர் இரவு உள்ளே வைத்தால் அறியலாம்.

குவியலாக வைப்பதா, பரப்பி வைப்பதா என்பது அற்பமாகத் தோன்றினாலும் பெரிய வேறுபாடு செய்கிறது. கறி வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால், அதன் நடுப்பகுதி குளிர ஆகும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்ப நீள்கிறது. தடிமன் இரட்டித்தால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒரு கிலோ கறியை 8 சென்டிமீட்டர் தடிமனான குவியலாகத் திணிப்பதற்குப் பதில் 2 சென்டிமீட்டர் தடிமனில் தட்டையாகப் பரப்பினால், நடுவிலுள்ள துண்டு பல மடங்கு விரைவாக ஆபத்து மண்டலத்தைக் கடந்துவிடும். இப்படி வைத்த கோழிக்கறி, கொத்துக்கறி, ஈரல், குடல் ஆகியவற்றுக்கு 4 டிகிரியில் 1 அல்லது 2 நாள்தான் தவணை. ஆடு, மாடு போன்றவற்றின் முழுத்துண்டுகளுக்கு 3 முதல் 5 நாள் வரை என்று அமெரிக்க அட்டவணைகள் கூறும். ஆனால் அவை தொழிற்கூடத்தில் வெட்டிக் குளிர்ச் சங்கிலி அறாமல் வந்த பெருந்துண்டுகளைக் கருதி எழுதப்பட்டவை. திறந்த கடையில் பொதுக் கட்டையில் குழம்புக்கென வெட்டிய எலும்புக்கறிக்கு 2 நாள் என்று கொள்வதே அறிவுடைமை.

சேமிக்கும் முன் கழுவலாமா என்ற கேள்விக்குத் தமிழ் வீடுகளின் வழக்கம் ஒன்றும் நுண்ணுயிரியல் வேறொன்றும் சொல்கிறது. மஞ்சளும் கல்லுப்பும் இட்டு மூன்று நீர் கழுவுவது எலும்புத் தூளையும் மயிரையும் குருதிக் கட்டியையும் நீக்கும். பாக்டீரியங்களை நீக்குவதாகச் சொல்ல முடியாது, ஏனெனில் மஞ்சளின் குர்க்குமின் நீரில் கரைவதே அரிது. மாறாக, குழாயடியில் தெறிக்கும் துளிகள் கிருமிகளைத் தொட்டி, மேடை, அருகிலுள்ள பாத்திரங்கள் எங்கும் பரப்புகின்றன. ஈரத்தோடு வைத்த கறி சீக்கிரமும் கெடுகிறது. வழக்கத்தை விடமுடியாதோர் சேமிக்கும்போது கழுவாமல், சமைக்கும் வேளையில், ஓடும் குழாயில் அல்லாது அகன்ற பாத்திரத்தில் கழுவினால் பாதிச் சிக்கல் தீரும்.

இரண்டு நாளுக்குள் சமைக்க வாய்ப்பில்லாத கறிக்கு இடம் உறைபெட்டி. கறியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். உப்புகளும் புரதங்களும் கரைந்திருப்பதால் அது 0 டிகிரியில் உறையாமல் −1 டிகிரிக்குக் கீழேதான் உறையத் தொடங்கி, −5 டிகிரிக்குள் பெரும்பகுதி பனிக்கட்டியாகிறது. இந்தச் சிறு இடைவெளியை எத்தனை விரைவாகக் கறி கடக்கிறது என்பதே தரத்தைத் தீர்மானிக்கிறது. மெதுவாகக் கடந்தால் சில பனிப் படிகங்கள் பெரிதாக வளர்ந்து உயிரணுச் சவ்வுகளைக் குத்திக் கிழிக்கின்றன. விரைந்து கடந்தால் எண்ணற்ற நுண்படிகங்கள் தோன்றித் திசு குலையாமல் நிற்கிறது. 1912இல் லாப்ரடாருக்குச் சென்ற அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, அங்குள்ள இனுயிட் மக்கள் கடுங்குளிர்க் காற்றில் நொடியில் உறையவைத்த மீன் மாதங்கள் கழித்தும் புதுமீனின் சுவையோடிருப்பதைக் கவனித்தார். 1930இல் மாசசூசெட்சின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கடைகளுக்கு வந்த அவரது உறைபொதி உணவுகள் அந்த அவதானிப்பின் பயனே. உலோகத் தட்டுகளுக்கு இடையே தட்டைப் பொதிகளை நெருக்கி உறையவைத்தது அவருடைய உத்தி. வீட்டில் அதற்கு நிகரானது, ஒரு வேளைச் சமையலுக்கு ஆகும் அளவைத் தட்டையான பையில் பரப்பிக் காற்றை வெளியேற்றி, உறைபெட்டியின் உலோகத் தரையில் படும்படி கிடத்துவது.

காற்றை வெளியேற்றுவது இரண்டு காரணங்களுக்காக. பனிக்கட்டி நீராகாமலே நேராக ஆவியாகும் பதங்கமாதல், சரியாக மூடாத கறியின் மேற்பரப்பை வெளிறிய, சக்கையான திட்டுகளாக ஆக்குகிறது. தீங்கில்லை, சுவை போய்விடும். மற்றொன்று, கொழுப்பு காற்றோடு வினைபுரிந்து சிக்குவாடை கொள்வது. உறைகுளிர் பாக்டீரியங்களை நிறுத்துமே ஒழிய இந்த வேதிவினையை முற்றாக நிறுத்தாது. நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த கோழியும் பன்றியும் ஆட்டுக்கறியைவிட முந்திக் காறுகின்றன. −18 டிகிரியில் கொத்துக்கறி 3 அல்லது 4 மாதமும், கோழித்துண்டுகள் 9 மாதமும் தரம் குன்றாதிருக்கும் என்பர். நோய் அச்சம் மட்டும் கருதினால் அக்குளிரில் காலவரம்பே இல்லை. அதேசமயம் உறையவைப்பது கொல்வதாகாது என்பதை மறக்கலாகாது. பன்றிக்கறியிலுள்ள டிரிக்கினெல்லா போன்ற ஒட்டுண்ணிப் புழுக்கள் வாரக்கணக்கான உறைகுளிரில் மடியும். பாக்டீரியங்களில் பெரும்பங்கு உறங்கிக் கிடந்து, உறைவு நீங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

உறைவை நீக்கும் முறையில்தான் பிழை மிகுதியாக நேர்கிறது. மேடைமேல் வைத்த பொதியின் நடுவில் கட்டி உருகுமுன், விளிம்புகள் அறைவெப்பத்தில் மணிக்கணக்காகக் கிடந்துவிடுகின்றன. குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து அரை மணிக்கொருமுறை நீரை மாற்றலாம் என்னும் மேலைநாட்டு விதி, குழாயில் குளிர்ந்த நீர் வரும் நாட்டுக்குரியது. மொட்டைமாடித் தொட்டியில் வெயிலில் காய்ந்த நீர் அதற்கு உதவாது, பனிக்கட்டித் துண்டுகள் இட்ட நீர் உதவும். முதல் நாள் இரவே கீழ்ப்பகுதிக்கு மாற்றி வைப்பது எல்லாவற்றிலும் எளிது. அப்படி உருகியது சமைக்கப்படாமல் நின்றுபோனால் மறுபடி உறையவைக்கவும் தடையில்லை, சாறும் மென்மையும் சற்றே குறையும், அவ்வளவுதான். தட்டையாக உறைந்த குழம்புக்கறியை உருக்காமலே அடுப்பிலேற்றி, வழக்கமான நேரத்தில் பாதியைக் கூட்டிக்கொள்வதும் ஏற்கத்தக்கதே. மின்வெட்டின்போது, கதவைத் திறக்காதவரை, நிறைந்த உறைபெட்டி சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும், கீழ்ப்பகுதி 4 மணி நேரமும் தாக்குப்பிடிக்கும். ஊருக்குப் போய்த் திரும்புவோர், ஒரு குவளை நீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துச் சென்றால், அது அடியில் கிடப்பதைக் கொண்டு இடையில் எல்லாம் உருகி மீண்டும் உறைந்ததை அறியலாம்.

இயந்திரக் குளிர் வருவதற்கு முன்பும் மிஞ்சிய கறி இருந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையில் எழுந்து இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்க ஏரிகளில் அறுத்துக் கப்பலேற்றிய பனிக்கட்டியைச் சேமித்த கிடங்கு. அது எட்டியது மிகச் சிலரை. மற்றவர்களுக்கு உப்பும் வெயிலும்தான். வாடூன் என்று சங்க இலக்கியம் பெயரிட்ட உலர்கறியின் வழியில் வந்த உப்புக்கண்டம், குளிரை விட்டுவிட்டு நீரைப் பிடித்து நிறுத்தும் முறை. நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க நீரின் அளவை 0 முதல் 1 வரையிலான எண்ணால் குறிப்பர். பச்சைக் கறியில் அது 0.99. உப்பு நீரை இழுத்துப் பிணைக்க, வெயில் மீதியை ஆவியாக்க, அது 0.91க்குக் கீழே இறங்கியதும் பெரும்பாலான பாக்டீரியங்கள் ஓய்ந்துவிடுகின்றன. நோய்க்கிருமிகளில் ஒன்று மட்டும் 0.86 வரை விடாது தொடரும்: மனிதரின் மூக்கிலும் தோலிலும் குடியிருக்கும் ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ். பச்சைக் கறியில் மற்றவற்றோடு போட்டியிட முடியாமல் அடங்கிக் கிடக்கும் இது, உப்பால் போட்டியாளர்கள் ஒழிந்ததும் தலையெடுக்கிறது. அது உமிழும் நஞ்சு எண்ணெயில் பொரித்தாலும் குழம்பில் கொதித்தாலும் எளிதில் அழிவதில்லை. கொழுப்பை நீக்கி விரல் பருமனில் கீறுவதும், நூலில் கோக்கும்போது துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் விடுவதும், முதல் நாள் வெயிலைத் தவறவிடாததும் இக்கிருமியை முந்துவதற்கான ஓட்டமே. மழைமூட்டமுள்ள ஐப்பசியில் அதைத் தொடங்குவதற்கும், மூன்று நாள் குளிர்பதனப் பெட்டியில் கிடந்து இனிச் சமைக்க முடியாது என்று கைவிட்ட கறியை அதற்கு எடுப்பதற்கும் இதனாலேயே இடமில்லை. உப்புக்கண்டத்துக்கு உரியது வாங்கிய அன்றே ஒதுக்கிவைத்த கறி.